செயற்கைப் பார்களும் இயற்கைப் பவளப் பாறைகளும்

குற்றாலச் சாரலில் நனைந்து வளர்ந்த நமக்குக் கடல் எங்கோ இருக்கும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் பேரருவியில் விழும் நீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. நம் ஆற்றின் கடைமடை அக்கடலே எனலாம். அங்குள்ள பவளப் பாறைகளைப் பற்றி, விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றைச் சொல்ல விழைகிறேன்.

பவளப் பாறையும் மீனும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் அமைந்தன. அவற்றைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. 1986ஆம் ஆண்டு இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கடலடிப் பாறைத்திட்டை மீனவர்கள் ‘பார்’ என்பர். பவளப் பாறையைக் கட்டுவது கடுகளவேயான உயிர்கள். அவை சுரக்கும் சுண்ணாம்பே பாறையாகிறது. கிளிமீனும் ஓராவும் அதன்மேல் படரும் பாசியை மேய்கின்றன. வண்ணாத்தி மீன்களிற் பல பவள உயிரையே கொறித்து வாழ்கின்றன. களவா இடுக்கில் பதுங்கி இரை பிடிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். மீன் இனங்கள் பல்கியிருப்பதன் இரகசியம் இதுவே.

இப்பாறைகளைப் பல்லாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் வெட்டி எடுத்தனர். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெப்பம் மிகுந்து பவளங்கள் வெளுத்து மடிந்தன. தூத்துக்குடியை அடுத்த வான் தீவு, 1986இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புடையதாயிருந்து, பின்னர் அலையரிப்பால் மிகவும் சுருங்கிவிட்டது. எனவே 2015 முதல், துளைகளிட்ட கான்கிரீட் அமைப்புகள் பத்தாயிரத்துக்கும் மேல் அதனருகே கடலில் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணித்தன. அவற்றின்மேல் இளம் பவளங்கள் ஒட்டி வளர்ந்தன; மீன்களும் கூடின.

ஓர் ஐயம்

கூடிய மீன்கள் புதிதாகப் பெருகியவையா? அல்லது பக்கத்துப் பாறையிலிருந்து குடிபெயர்ந்தவையா?

இவ்வையம் எனக்குப் புத்தகத்தால் வந்ததன்று. பள்ளி நாட்களில் எங்கள் ஊர்க் கால்வாயில், உடைந்த கிணற்று உறைகள் இரண்டை நானும் மாமா மகனும் உருட்டிவிட்டோம். ஒரு மாதத்தில் கெண்டையும் கெளுத்தியும் அவற்றினுள் நிறைந்தன. எங்கள் பெருமைக்கு அளவில்லை. ஒருநாள் மாமா உறையின் இருவாயையும் சாக்கால் அடைத்து, அத்தனையையும் அள்ளிவிட்டார். அன்று வீட்டில் நல்ல குழம்பு. ஆனால் அதன்பின், அருகிலிருந்த பழைய கற்குவியலில் கை நுழைத்தால் ஒரு மீனும் தட்டுப்படவில்லை. நாங்கள் மீனை வளர்க்கவில்லை. அள்ளுவதற்கு வசதியாக ஓரிடத்தில் கூட்டிக் கொடுத்தோம்!

கடலிலும் இரண்டும் நடைபெறும் என்பது அறிஞர் கருத்து. முதலில் வருபவை பாரை போன்ற கூட்ட மீன்களும், பாறையோர இரைகொல்லிகளுமே. இவற்றுட் பல வேறிடத்திலிருந்து ஈர்க்கப்பட்டவை. நாளடைவில் பாசியும் சிப்பியும் படர்ந்து, குஞ்சுகளுக்கு இரையும் ஒளிவிடமும் கிடைத்தால் மெய்யான பெருக்கம் உண்டாகும். உயிருள்ள பவளத்தை நம்பிய வண்ணாத்தி மீனோ, வெறுங் கான்கிரீட்டைக் கண்டு வராது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆராய்ச்சி, செயற்கைப் பார்களில் மீன் தொகையும் இன வகையும் இயற்கைப் பாறைகளுக்கு ஏறக்குறைய ஒப்பாக இருக்கக்கூடும் என்று கண்டது. ஆயினும் பொருளுக்கும் இடத்திற்கும் ஏற்ப விளைவு மாறும் என்றும் கூறியது.

பொருள் தவறினால் கேடு எவ்வளவு என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா ஒரு பாடம். 1970களில் அங்கே ஏறத்தாழ இருபது இலட்சம் பழைய டயர்களைக் கட்டிக் கடலில் இறக்கினர். கட்டுகள் அறுந்து, டயர்கள் புயலில் உருண்டு, இயற்கைப் பவளப் பாறைகளையே மோதிச் சிதைத்தன.

முடிவுரை

ஆகவே செயற்கைப் பார் நன்மை தர மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பது என் எண்ணம். அசையாத, நஞ்சற்ற பொருளால் அமைய வேண்டும். மீன்பிடிப்புக்கென அமைப்பதாயின், இயற்கைப் பாறையின் மீனை இழுத்துவிடாத தொலைவில் இருக்க வேண்டும். அங்கே எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு மீனவர்களே ஏற்கும் வரம்பு வேண்டும். அவர்தம் பிழைப்பும் இதில்தான் அடங்கியிருக்கிறது. வரம்பின்றேல், பார் என்பது எங்கள் கிணற்று உறையாகிவிடும்.

செயற்கைப் பார் இயற்கைப் பாறைக்குத் துணையாகலாம், ஈடாகாது. நண்பர்களே, அடுத்த சாரலில் அருவியில் நிற்கும்போது, காலடியில் ஓடும் நீர் சென்று சேருமிடத்தையும் சற்றே நினைப்போமாக!