இருமல் இல்லாத காசநோய்

காசநோய் என்றதும் இருமலும் சளியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, அறிவிக்கப்படும் காசநோயாளிகள் 100 பேரில் ஏறத்தாழ 16 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே காணப்படுகிறது. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் கண்டறிந்த அதே கிருமிதான் இதற்கும் காரணம். மூச்சு வழியே உட்புகும் அக்கிருமி, இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் பிற உறுப்புகளைச் சென்றடைகிறது.

அறிகுறிகள்

கழுத்தில் வலியின்றித் தோன்றிப் பல வாரங்களாகியும் கரையாத கட்டி இந்நோயாக இருக்கலாம். நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் நீர் கோத்தால் மூச்சு வாங்கும். முதுகெலும்பைத் தாக்கினால் ஓயாத முதுகுவலி உண்டாகும். பால் வாளி சுமந்ததால் வந்த வலி என்றெண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டே காலம் கடத்தினால், எலும்பு சிதைந்து, தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கவும் கூடும். மூளையுறையைத் தாக்கினால் காய்ச்சலும் தீராத தலைவலியும் வாந்தியும் தோன்றி, பின்னர் நினைவு தடுமாறும். இந்நிலையில் ஒரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியனவும் சேர்ந்து வரலாம்.

பரிசோதனை

இங்கே சளிப் பரிசோதனை மட்டும் போதாது. கட்டியிலிருந்து ஊசி மூலமோ சிறு அறுவை மூலமோ திசு எடுத்துச் சோதிக்கின்றனர். மூளையுறை நோய் எனில் இடுப்புப் பகுதியில் ஊசி செலுத்தி முதுகுத்தண்டு நீர் எடுக்கின்றனர். தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழேதான் அவ்வூசி செலுத்தப்படுவதால், கால் விளங்காமற் போகும் என அஞ்சுதல் வேண்டா. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பல வாரங்கள் ஆகும். ஆதலின், நோய் கடுமையாயின் முடிவு வருமுன்னரே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார். நுரையீரலிலும் நோய் உண்டா என்றறிய மார்பு எக்ஸ்ரேயும் எடுக்கப்படும்.

சிகிச்சை

பெரும்பாலோருக்கு முதல் 2 மாதங்கள் 4 வகை மருந்துகளும், அடுத்த 4 மாதங்கள் 2 அல்லது 3 வகை மருந்துகளும் தரப்படுகின்றன. எலும்பு, மூளையுறை நோய்களுக்கு 9 முதல் 12 மாதங்கள் வரை தேவைப்படலாம். சிறுநீர் செம்மஞ்சளாதல் ரிஃபாம்பிசின் மருந்தின் இயல்பு. சிகிச்சையின்போது சிலருக்குக் கழுத்துக் கட்டி சற்றுப் பெரிதாவதும் உண்டு. அதனாலேயே மருந்து பயனற்றது எனக் கருதலாகாது. ஆனால் கண் மஞ்சளித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே மருத்துவரிடம் கூறுக.

நோய் நுரையீரலிலோ தொண்டையிலோ இல்லையெனில் அது பெரும்பாலும் பிறருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே, நோயாளிக்குத் தனித் தட்டும் தனி அறையும் ஒதுக்கி அவர் மனத்தைப் புண்படுத்தற்க. அவர் நாள்தோறும் மருந்து உட்கொள்வதைக் கவனித்துக்கொள்வதே குடும்பத்தாரின் கடமை. கட்டி கரைந்தது, வலி தீர்ந்தது என இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத நோயாகவும் அது மாறலாம். மருத்துவர் போதுமென்று சொல்லும் நாள் வரை மருந்தைத் தொடர்வோம். முழு நலம் பெறுவோம்.