பிராசஸர் வாங்குமுன் மதர்போர்டைப் பாருங்கள்



விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதனால் பிள்ளைகளின் படிப்புக்காகப் பழைய கணினி வைத்திருக்கும் குடும்பங்கள் பல, பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா என்று யோசிக்கின்றன. பணத்தைக் கொடுக்குமுன் நாம் கவனிக்க வேண்டியவை இவை.

1. சாக்கெட்டும் சிப்செட்டும்: இன்டெல் ஆறாம், எட்டாம் தலைமுறை இரண்டுக்கும் சாக்கெட் எல்ஜிஏ 1151 தான். ஆனாலும் 100, 200 வரிசை சிப்செட் போர்டில் எட்டாம் தலைமுறை இயங்காது. 300 வரிசை போர்டு வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகள் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தாலே ரைசன் 5000 வரிசை வேலை செய்யும். பழைய பிராசஸரைக் கழற்றுமுன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். போர்டில் அச்சிட்டுள்ள மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் இணையதளத்தில் பிராசஸர் பட்டியலைப் பாருங்கள்.

2. ராம்: டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டுமே. எல்ஜிஏ 1700 போர்டுகள் இரு வகையிலும் உண்டு. டிடிஆர்4 வகையை வாங்கினால் இருக்கும் டிடிஆர்4 ராமையே போடலாம்.

3. டிஸ்பிளே: எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களிலும் ரைசன் 5 5600-லும் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு வாங்க நேரும். 5600ஜி-யில் உண்டு.

4. கூலரும் எஸ்எம்பிஎஸ்ஸும்: எல்ஜிஏ 1151-இன் கூலர் எல்ஜிஏ 1700 போர்டின் துளைகளுக்குப் பொருந்தாது. எஸ்எம்பிஎஸ்ஸில் போர்டு கேட்கும் பிராசஸர் மின் இணைப்பு உள்ளதா என்றும் பாருங்கள்.

கணினி மெதுவாக இருப்பதுதான் குறை என்றால், முதலில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டுப் பாருங்கள். பல வீடுகளுக்கு அதுவே போதும்.

வீண்விரயத்தையும் வட்டியையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. வட்டித் தவணையில் புதுக் கணினி வாங்குவதைவிட, கையிருப்புக்கு ஏற்ற பாகங்களை விசாரித்து வாங்குவதே பரக்கத். கழற்றிய பாகங்களை விற்பவர்கள் குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். நல்ல நிலையில் உள்ளவற்றை ஏழை மாணவர்களுக்குக் கொடுத்தால் அது ஸதகாவாகும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.