தேடலில் உங்கள் கடை மேலே வர: ஏஐ துணையோடு எஸ்இஓ, தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

கூகுளில் உங்கள் கடையின் பெயரைத் தட்டினால் உங்கள் கடை வரும். அதில் மகிழ ஒன்றுமில்லை. பெயர் தெரிந்தவர் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார். பெயர் தெரியாத ஒருவர் "மரச்செக்கு நல்லெண்ணெய் ஈரோடு" என்று தேடும்போது நீங்கள் கண்ணில் படுகிறீர்களா? அப்படிப் பட வைக்கும் வேலைக்குத்தான் தேடுபொறி மேம்பாடு, சுருக்கமாக எஸ்இஓ என்று பெயர்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு இந்த வேலையின் சலிப்பூட்டும் பகுதிகளை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட முடிகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் என எந்த ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவியானாலும் சரி, தொடக்கத்துக்கு இலவசப் பதிப்பே போதும். எது சிறந்தது என்ற ஆராய்ச்சியில் ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள்.

இந்தக் கருவிகள் உலகத்தைப் பற்றி ஏராளமாகப் படித்தவை, ஆனால் உங்கள் கடைக்குள் வந்ததில்லை. அதனால் வேலை வாங்கும் முறை இப்படி இருக்க வேண்டும்: சரக்கு உங்களுடையது, பிரித்து அடுக்குவது அதனுடையது. தகவலையும் அதனிடமே கேட்டு வாங்கினால், ஊரில் எல்லாக் கடைக்காரருக்கும் கிடைக்கும் அதே பத்து வரிதான் உங்களுக்கும் கிடைக்கும்.

விளக்கத்துக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் விற்கிறார்கள். எள்ளையோ கடலையையோ கொண்டுவந்து கொடுத்தால் கூலிக்கு ஆட்டியும் தருகிறார்கள். நீங்கள் புடவை விற்றாலும் பம்புசெட் பழுது பார்த்தாலும் படிகள் இவைதான்.

முதல் படி: இரண்டு இலவசக் கணக்குகள்

ஏஐயைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கூகுள் பிசினஸ் புரொஃபைல். மேப்பில் உங்கள் கடை, நேரம், தொலைபேசி எண், படங்கள் எல்லாம் தெரிவது இதனால்தான். மற்றொன்று கூகுள் சர்ச் கன்சோல். உங்கள் வலைத்தளம் எந்தெந்தத் தேடலில் தென்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதை 16 மாதம் வரை பின்னோக்கிக் காட்டும். இரண்டுக்கும் காசு இல்லை. இந்தக் கணக்குகளைத் திறக்காமல் ஏஐயிடம் எஸ்இஓ ஆலோசனை கேட்பது, ரத்தப் பரிசோதனை செய்யாமலே மருந்து கேட்பதுபோல.

பிசினஸ் புரொஃபைல் வழியாகவே இலவச வலைத்தளம் செய்துகொள்ளும் வசதி முன்பு இருந்தது. 2024 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. அந்தத் தளத்தை நம்பி இருந்தவர்கள் இனித் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: மக்கள் என்ன சொல்லித் தேடுகிறார்கள்?

இந்த வழிகாட்டியில் மிக அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

தொடங்குவோர் பலரும் ஏஐயிடம் நேராக, "மரச்செக்கு எண்ணெய்க்குச் சிறந்த கீவேர்டுகளைத் தேடல் எண்ணிக்கையோடு தா" என்று கேட்பார்கள். அது அழகான அட்டவணை ஒன்றைத் தரும். ஒவ்வொரு சொல்லுக்கு எதிரிலும் மாதம் எத்தனை தேடல் என்று எண்ணும் இருக்கும். அந்த எண்களை நம்பாதீர்கள். தேடல் தரவோடு இணைக்கப்படாத உரையாடல் கருவிக்கு அந்த எண்ணிக்கை தெரிய வழியே இல்லை. பார்க்கப் பொருத்தமாக இருக்கும் ஓர் எண்ணை எழுதி வைக்கிறது. எண்ணிக்கை வேண்டுமென்றால் கூகுள் விளம்பரக் கணக்கிலுள்ள கீவேர்ட் பிளானரைப் பாருங்கள். இரண்டு சொற்களில் எது அதிகம் புழங்குகிறது, எந்த மாதத்தில் ஏறுகிறது என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் கூகுள் டிரெண்ட்ஸ் இருக்கிறது.

சொற்களுக்கான மூலம் உங்கள் கைபேசியிலேயே கிடக்கிறது. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் கேட்டவை, கடையில் நின்று கேட்டவை எல்லாவற்றையும் அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "எண்ணெய் அடியில் கசடு நிற்குதே, கெட்டுப்போச்சா?" "கடலை எண்ணெய் பொரிக்கும்போது பொங்கி வருது, ஏன்?" "பாக்கெட் எண்ணெயைவிட இவ்வளவு விலை ஏன்?" "எங்க எள்ளைக் கொண்டுவந்தா ஆட்டித் தருவீங்களா?" "எத்தனை மாசம் வைக்கலாம்?" இதில் ஒவ்வொன்றும் ஒரு தேடல். உங்களிடம் கேட்கும் முன்போ, கேட்கத் தயங்கியோ, யாரோ ஒருவர் இதையே கூகுளிடம் கேட்டிருப்பார். எழுதும்போது பெயரையும் தொலைபேசி எண்ணையும் நீக்கிவிடுங்கள். வாடிக்கையாளரின் சொந்த விவரங்கள் ஏஐ கருவிக்குள் போக வேண்டிய தேவை இல்லை.

இதோடு சர்ச் கன்சோலில் உள்ள தேடல்சொற்களைக் கோப்பாகத் தரவிறக்கி ஏஐயிடம் கொடுத்து இப்படிக் கேளுங்கள்:

"இவை என் எண்ணெய்க் கடைக்கு வந்த கேள்விகளும் தேடல்சொற்களும். தேடுபவரின் நோக்கத்தை வைத்துப் பிரி: வாங்க வந்தவர், விலை ஒப்பிடுபவர், சந்தேகம் கேட்பவர், அருகில் கடை தேடுபவர். ஒரே பக்கத்தில் பதில் சொல்லக்கூடியவற்றைச் சேர்த்து வை. பட்டியலில் இல்லாத எதையும் நீயாகச் சேர்க்காதே."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மணிக்கணக்கில் எக்செல்லில் வண்ணம் அடித்துச் செய்த வேலை, இதில் சில நிமிடங்களில் முடியும். பிரித்து வந்ததை ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். "செக்கு" என்பதை வங்கிக் காசோலையாக எடுத்துக்கொண்டு தனிக் குவியலில் போட்டிருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

மூன்றாம் படி: எந்த எழுத்தில் எழுதுவது?

நம் ஊரில் ஒரே பொருளை மூன்று விதமாகத் தேடுகிறார்கள்: தமிழில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில். மூன்றாவது வகைக்கு எழுத்துக்கூட்டல் ஒழுங்கே கிடையாது. அதற்காக ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம் போடுவது வீண் வேலை. கூகுள் அவற்றைப் பெருமளவு இணைத்துப் புரிந்துகொள்கிறது. பொருள் பக்கத்தில் தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், மக்கள் வழக்கமாகத் தட்டும் ஓரிரு வடிவம் இயல்பாக வந்தால் போதும்.

ஆங்கிலப் பக்கத்தை ஏஐயிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொல்லி அப்படியே ஏற்றிவிட வேண்டாம். தமிழில் இந்தக் கருவிகள் இன்னும் பாடநூல் நடையில்தான் பேசுகின்றன. ஈரோட்டில் யாரும் "குளிர் அழுத்தப்பட்ட நிலக்கடலை எண்ணெய்" கேட்டு வருவதில்லை.

நான்காம் படி: பக்கத்தை எழுதுதல்

ஒரு நோக்கத்துக்கு ஒரு பக்கம். நல்லெண்ணெய் வாங்க ஒன்று, கூலிக்கு ஆட்டுவதற்கு ஒன்று, கசடு, பொங்குதல், பத்திரப்படுத்துதல் போன்ற சந்தேகங்களுக்கு ஒன்றிரண்டு. அவ்வளவுதான். முப்பது நாளில் நூறு கட்டுரை என்று ஆசை காட்டுபவர்களைக் கடந்து போங்கள்.

ஏஐ எழுதியது என்பதற்காகவே கூகுள் ஒரு பக்கத்தைத் தண்டிப்பதில்லை. எப்படி உருவானது என்பதைவிடத் தரமே முக்கியம் என்று 2023 பிப்ரவரியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் 2024 மார்ச்சில் விதி ஒன்றைக் கடுமையாக்கியது: தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பயனற்ற பக்கங்களைக் கும்பலாக உற்பத்தி செய்தால், ஆள் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், அது குப்பை எனக் கருதப்படும். அந்த மாதம் பல தளங்கள் தேடலிலிருந்தே காணாமல் போயின.

ஆகவே எழுதச் சொல்லும் முன் அதனிடம் உங்களைப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். "கூலிக்கு எண்ணெய் ஆட்டித் தரும் சேவை பற்றி ஒரு பக்கம் வேண்டும். முதலில் என்னிடம் பத்துக் கேள்வி கேள். என் பதிலில் உள்ளதை மட்டும் வைத்து எழுது." அது கேட்கும்: குறைந்தது எத்தனை கிலோ வேண்டும், எள்ளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவர வேண்டுமா, கருப்பட்டி யார் போடுவது, பிண்ணாக்கு யாருக்கு, எவ்வளவு நேரம் ஆகும், கூலி கிலோவுக்கா லிட்டருக்கா. கைபேசியில் பேசியே பதில் சொல்லலாம். உங்கள் வாயிலிருந்து வந்த இந்த விவரங்கள் எந்தப் போட்டிக் கடையின் தளத்திலும் இருக்காது. தேடுபவருக்கு வேண்டியதும் இவைதான். நேரடி அனுபவம் என்பதைக் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் தனியாகச் சேர்த்தது.

வரைவு வந்ததும் ஒரு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். உணவுப் பொருள் என்றாலே இந்தக் கருவிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆசை வந்துவிடும். "சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்", "கொழுப்பைக் கரைக்கும்", "மூட்டு வலியைக் குணப்படுத்தும்" என்று எழுதித் தள்ளும். ஒன்று விடாமல் அடித்துவிடுங்கள். உணவு விளம்பரத்தில் என்ன சொல்லலாம் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விதிமுறைகள் இருக்கின்றன. நோய் தீர்க்கும் என்ற விளம்பரங்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. வழக்கு வந்தால் "ஏஐ எழுதியது" என்பது பதில் ஆகாது. அடித்த வரிகளின் இடத்தில் உங்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணைப் போடுங்கள். வாங்குபவருக்கு நம்பிக்கை தருவது அதுதான்.

ஐந்தாம் படி: தலைப்பு, விவரம், படம்

இது ஏஐக்கு அல்வா சாப்பிடுவது மாதிரியான வேலை. பக்கத்தைக் கொடுத்து ஐந்து தலைப்பு கேளுங்கள். பொருளும் ஊரும் முன்னாலேயே வர வேண்டும் என்று சொல்லுங்கள். தலைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரி விவரம் தரவரிசையை ஏற்றாது. ஆனால் சொடுக்க வைக்கும். படங்களுக்குக் கேமரா வைத்த எண்ணைப் பெயராக விடாமல், செக்கு, எண்ணெய், புட்டி என எது தெரிகிறதோ அதைப் பெயரிலும், படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் மாற்று உரையிலும் எழுதுங்கள். பக்கத்தின் குறிமுறைக்குள் ஒளித்து வைக்கும் மெட்டா கீவேர்டைப் போடும்படி ஏஐ சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கூகுள் அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே அறிவித்துவிட்டது.

ஆறாம் படி: தொழில்நுட்பம், தேவையான அளவுக்கு

பக்கத்தில் இருப்பது பொருளா, கடையா, விலை என்ன என்பதை இயந்திரத்துக்குப் புரியும்படி சொல்லும் குறிமுறைக்கு ஸ்கீமா என்று பெயர். முன்பு இதற்கு நிரல் தெரிந்தவர் வேண்டும். இப்போது கடை விவரங்களைக் கொடுத்தால் ஏஐ எழுதித் தந்துவிடும். ஏற்றும் முன் கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் சோதனைப் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். உங்கள் தளத்தில் இல்லாத நட்சத்திர மதிப்பெண்ணை அது குறிமுறைக்குள் சேர்த்திருந்தால் நீக்குங்கள், அது விதிமீறல்.

கேள்வி பதில் ஸ்கீமா போட்டால் தேடலில் பெரிதாகத் தெரியும் என்று கருவிகள் இன்னும் ஆலோசனை சொல்வதுண்டு. 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அந்தத் தோற்றத்தைப் பெயர்பெற்ற அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. இயந்திரம் படித்த பாடத்தில் பழையதும் கலந்திருக்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

வேகத்துக்குப் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும். சிறிய கடைத் தளங்களில் பெரும்பாலும் குற்றவாளி படங்களின் அளவுதான். அறிக்கையை ஏஐயிடம் ஒட்டி, "நிரல் தெரியாதவனுக்குப் புரியும்படி, எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?" என்று கேட்கலாம்.

ஏழாம் படி: ஊருக்குள் தெரிய

மேப்பில் மேலே வருவதைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றும் தீர்மானிப்பதாகக் கூகுள் சொல்கிறது. தூரத்தை மாற்ற முடியாது. பொருத்தத்துக்குச் சரியான வகையைத் தேர்ந்தெடுத்து, சேவைகளை முழுமையாக நிரப்புங்கள். கடையின் பெயரோடு "ஈரோடு சிறந்த மரச்செக்கு எண்ணெய்" என்று ஒட்டச் சொல்லும் ஆலோசனை ஏஐயிடமிருந்தும் வரும், பக்கத்துக் கடைக்காரரிடமிருந்தும் வரும். பெயர்ப் பலகையில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும். மீறினால் கணக்கே முடக்கப்படலாம்.

விமர்சனங்களுக்குப் பதில் எழுத ஏஐ உதவட்டும், குறிப்பாகக் கோபத்தில் இருக்கும்போது. "இவர் சொன்ன குறை உண்மை, அடுத்த முறை புட்டி கசியாமல் அனுப்புவோம் என்று பணிவாக, மூன்று வரியில், பேச்சு வழக்கில் எழுது." விமர்சனத்தையே ஏஐயை வைத்து எழுதிப் போடுவது வேறு கதை, அது ஏமாற்று. இணைய விமர்சனங்களுக்கு இந்தியாவில் ஐஎஸ் 19000:2022 என்ற தர நிர்ணயமே இருக்கிறது.

எட்டாம் படி: ஏஐ சொல்லும் பதிலில் இடம்

தேடலின் முகமும் மாறிவிட்டது. இணைப்புகளுக்கு மேலேயே கூகுள் ஒரு சுருக்கப் பதிலைத் தருகிறது. இந்தியாவில் இது 2024 ஆகஸ்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தொடங்கியது. சாட்ஜிபிடியும் வலையைத் தேடிப் பதில் சொல்கிறது. இதற்கென்று தனி மந்திரம் விற்பவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஆனால் தன் ஏஐ பதில்களில் இடம்பெறத் தனிக் குறிமுறை எதுவும் தேவையில்லை என்பதே கூகுளின் நிலை. பதிலைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே நேராகச் சொல்லுங்கள்: "அடியில் நிற்கும் கசடு கடலைத் துகள், எண்ணெய் கெட்டதற்கு அடையாளம் அல்ல." பிறகு விளக்குங்கள். சாட்ஜிபிடியின் தேடலில் வர விரும்பினால், பக்கங்களைப் படித்துச் செல்லும் அதன் தேடல் வருடியை உங்கள் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பு (robots.txt) தடுக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: மாதம் ஒருமுறை கணக்குப் பார்த்தல்

தினமும் இடம் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம்தான் ஏறும். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோல் கோப்பை ஏஐயிடம் கொடுத்து மூன்றே கேள்வி கேளுங்கள். அதிகம் தென்பட்டும் சொடுக்கப்படாதவை எவை? அவற்றின் தலைப்பை மாற்றுங்கள். 8 முதல் 20-ஆம் இடம் வரை நிற்பவை எவை? அந்தப் பக்கங்களில் இன்னும் இரண்டு கேள்விக்குப் பதில் சேருங்கள். நாம் பக்கமே போடாத தேடல் ஏதாவது வந்திருக்கிறதா? அதுதான் அடுத்து எழுத வேண்டியது.

ஒப்பிடும்போது முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டு மனம் தளராதீர்கள். தீபாவளிக்கு முன் நல்லெண்ணெய் தேடுபவர் கூடுவதும், பண்டிகை முடிந்ததும் குறைவதும் இயல்பு. சென்ற ஆண்டின் அதே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 16 மாதத் தரவு அதற்குப் போதும். இடையில் யாராவது தொலைபேசியில் அழைத்து "முதலிடத்துக்கு உத்தரவாதம்" என்று சொன்னால், அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது என்பதை அவரிடம் சொல்லிவிட்டு, ஆட்ட வேண்டிய எள்ளைப் பாருங்கள்.