ஏசி ரிமோட் யார் கையில்?

ஒரே வரைபடத்தில் கட்டிய, பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒரு வீட்டில் ஆகும் எரிவாயுச் செலவு அடுத்த வீட்டில் ஆவதைப் போல இரண்டு மடங்கு. 1970களில் நியூஜெர்சி மாநிலத்தின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பை ஆராய்ந்த ராபர்ட் சோகோலோவின் பிரின்ஸ்டன் குழு கண்டது இதைத்தான். ஒரு குடும்பம் காலி செய்து இன்னொரு குடும்பம் வந்தால் செலவும் மாறியது. சுவர் அதே சுவர், ஆள்தான் வேறு.

கட்டடத்துக்குள் அந்த ஆள் எரிசக்தியை எப்படிச் செலவழிக்கிறார் என்று ஆராய்வது இன்று ஒரு முழுநேர வேலை. நம் ஊர்க் கல்லூரிகளில் இது தனிப் படிப்பாக இல்லை என்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. கட்டடக்கலை, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படித்தவர்களும் வரலாம். உளவியல், சமூகவியல், பொருளாதாரம், புள்ளியியல் படித்தவர்களும் வரலாம். எந்த வாசல் வழியாக வந்தாலும் மற்றப் பாதியைக் கற்றே ஆக வேண்டும். மீட்டரைப் படிக்கத் தெரிந்து மனிதரிடம் பேசத் தெரியாதவர் இங்கே அரை ஆள். பேசத் தெரிந்து கிலோவாட்டுக்கும் கிலோவாட் மணிக்கும் வித்தியாசம் தெரியாதவரும் அப்படியே.

இந்தியாவில் முன்மாதிரி வேண்டுமா? அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்ட 'ஐமேக்' ஆய்வைப் படியுங்கள். சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில், பருவத்துக்குப் பருவம் போய், உட்கார்ந்திருப்பவர்களிடமே கேட்டுச் சேகரித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள். நம்மவர்கள் சர்வதேசச் சூத்திரங்கள் கணிப்பதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் சௌகரியமாகவே வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தப் பதில்களிலிருந்து உருவாக்கிய வெப்பசௌகரியக் கணிப்பு மாதிரி 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. கேள்வித்தாள் தூக்கிக்கொண்டு அலைந்ததற்கு இதைவிடப் பெரிய பலன் என்ன இருக்கிறது?

களத்தில் இறங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் தங்கள் பழக்கம் அவர்களுக்கே தெரியாது. "ஏசியை எத்தனையில் வைப்பீர்கள்?" என்று கேட்டால் "24" என்பார்கள், அரசு விளம்பரத்தில் பார்த்த எண். "நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? யார் அணைத்தது? நடுவில் யாராவது எழுந்து கூட்டினார்களா?" என்று கேளுங்கள். கதை வெளியே வரும். அதே அறையில் வெப்பநிலையைத் தானே பதிந்துகொள்ளும் ஒரு சின்ன டேட்டா லாகரை வைத்துவிட்டு வந்தால் கதையில் எவ்வளவு உண்மை என்பதும் தெரியும்.

அலுவலகம் என்றால் மேலாளரிடம் தொடங்காதீர்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்கா, எலெக்ட்ரீஷியன் அண்ணன், இந்த மூவருக்கும் கட்டடத்தின் ஜாதகமே தெரியும். பல இடங்களில் தெர்மோஸ்டாட் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தச் சூட்டை அறையின் சூடு என்று நினைத்துக்கொண்டு ஏசி ஓடித் தள்ளும். மூலையில் இருக்கும் பெண் மே மாதத்தில் சால்வை போர்த்தி உட்கார்ந்திருப்பார். ரிமோட்டோ பூட்டிய டிராயரில். "ஊழியர்கள் மின்சாரத்தை வீணடிக்கிறார்கள்" என்று எழுதுமுன், அவர்கள் கைக்கு எட்டும் சுவிட்ச் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் கணிப்பில், நடத்தை என்று பழி சுமத்தப்படுவதில் பாதி வடிவமைப்புக் கோளாறு.

ஒரு கண்ணியும் இருக்கிறது. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வீடுகளுக்கு "நீங்கள் ஒரு மின்பயன்பாட்டு ஆய்வில் இருக்கிறீர்கள்" என்று வாரம் ஒரு அஞ்சலட்டை மட்டும் அனுப்பினார்கள். அறிவுரை எதுவும் இல்லை. பயன்பாடு 2.7 சதவீதம் குறைந்தது. அட்டை நின்றதும் பழையபடி. அதே நாட்டில், அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டு அறிக்கை அனுப்பிய ஓபவர் நிறுவனத் திட்டத்தில் கிடைத்த சராசரிச் சேமிப்பே ஏறக்குறைய 2 சதவீதம்தான். ஆகவே ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "எங்கள் விழிப்புணர்வு முகாமால் குறைந்தது" என்று மார்தட்டினால், விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் உலக வெப்பசௌகரியத் தரவுத்தளத்தில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இலவசம்; இந்தியத் தரவும் உண்டு. கட்டடத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எனர்ஜிபிளஸ் மென்பொருளும் இலவசம். தரவை அலச ஆர் அல்லது பைத்தான், ஏதாவது ஒரு நிரல்மொழி போதும். நல்ல கேள்வி வேண்டுமானால் உங்கள் தெருவிலேயே இருக்கிறது: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழடுக்கு விலையும் சேர்ந்து ஏறும். ரீடிங் எடுக்க வரும் நாள் நெருங்கினால் எத்தனை வீடுகளில் கீசர் அணைகிறது? தாண்டிவிட்டோம் என்று தெரிந்த வீட்டில் "போனது போச்சு" என்று ஏசி கூடுதலாக ஓடுகிறதா? பத்து வீட்டு மீட்டரை அனுமதியோடு வாராவாரம் குறித்தால் போதும், நேர்முகத் தேர்வில் பேச விஷயம் கிடைத்துவிடும்.

அனுமதி என்றால் எழுத்தில் அனுமதி. மணிக்கு மணி மின்பதிவு ஒரு வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். பெயரையும் கதவு எண்ணையும் தரவிலிருந்து முதல் நாளே பிரித்து வையுங்கள்.

மேற்படிப்புக்குச் செப்ட்டின் கட்டட எரிசக்தி எம்.டெக். நல்ல வழி. வேலை விளம்பரத்தில் 'நடத்தை ஆய்வாளர்' என்று தேடினால் அதிகம் அகப்படாது. 'தெர்மல் கம்ஃபர்ட்', 'டிமாண்ட் சைடு மேனேஜ்மென்ட்', 'சஸ்டெய்னபிலிட்டி அனலிஸ்ட்', 'கிரீன் பில்டிங் கன்சல்டன்ட்' என்று தேடுங்கள். புணேயின் பிரயாஸ், டெல்லியின் டெரி போன்ற ஆய்வு அமைப்புகளின் பக்கங்களையும் அவ்வப்போது பாருங்கள். விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியலுக்கு மேலே, அந்தப் பத்து வீட்டு ஆய்வின் இரண்டு பக்கச் சுருக்கத்தை வையுங்கள்.