ஆயாவிடம் ஆண்டு கேட்காதே

ஊத்துக்கோட்டை

அன்புள்ள மருமகளே,

கல்லூரியில் குடும்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், "நம்ம வீட்ல எழுதற மாதிரி என்ன மாமா நடந்திருக்கு?" என்றும் கேட்டிருந்தாய். போன வாரம் உன் பெரிய மாமாவும் சின்ன மாமாவும் ஒரு முருங்கை மரத்துக்காகப் பேச்சை நிறுத்தினார்கள். நான் சமாதானம் பேசப் போனேன். இப்போது அவர்கள் சேர்ந்துவிட்டார்கள். இருவரும் என்னோடுதான் பேசுவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறாய். நடந்தது ஏராளம், கேட்கிற விதத்தில் கேட்டால்தான் அது வெளியே வரும். எனக்குத் தெரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில், பெரியவர்களிடம் ஆண்டு கேட்காதே. "எந்த வருஷம் பொறந்தே?" என்றால், "எவன் எழுதி வச்சான்?" என்பாள் உன் ஆயா. எழுதி வைத்ததையும் நம்ப முடியாது. உன் தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்த நாள் இருக்கிறது. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருக்கிறார்கள்! அப்போதெல்லாம் தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தேதியை வாத்தியாரே போட்டுக்கொள்வார்.

அதே ஆயாவிடம், "நீ பொறந்தப்போ ஊர்ப் பக்கம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பார். "பூண்டி ஏரி கட்டிட்டிருந்தாங்க. எங்கப்பா மண்ணு சொமக்கப் போயிருந்தாரு" என்பாள். உனக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. சென்னையின் குடிநீருக்காக, மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியில் கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940இல் அடிக்கல் நாட்டினார்கள். 1944இல் கட்டி முடித்தார்கள். சத்தியமூர்த்தி 1943இலேயே காலமாகிவிட்டார். ஏரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக, ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இதை அவளிடம் சொல்லாதே. எழுபத்தைந்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படி வீட்டுக் கதையை ஊர்க் கதையோடு சேர்த்து முடிச்சுப் போட்டால், கதையே வேறு மாதிரி ஆகிவிடும். ஆயா பிறந்த வீடு சத்தியவேடு பக்கம். தை மாதம் பெண் பார்க்கப் போனபோது அது சென்னை மாநிலம், செங்கல்பட்டு மாவட்டம். சித்திரைக் கடைசியில் கல்யாணம் நடந்தபோது அது ஆந்திரா. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாறியது. திருத்தணி நம் பக்கம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் கிராமங்கள் சில அந்தப் பக்கம் போயின. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. போராடியதை எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே மாநிலம் மாறிப்போன கல்யாணத்தை நீ எழுதினால்தான் உண்டு. "நான் எங்கியும் போவல. திண்ணையிலதான் குந்தினிருந்தேன். ஆந்திராதான் வந்துச்சு" என்பாள் ஆயா. தாத்தா மட்டும் கடைசிவரை, குழம்பில் உப்பு கூடினால்கூட, "வெளி மாநிலத்துல பொண்ணு எடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு ஆயா தெலுங்கில் பதில் சொல்வாள். அது உனக்கு வேண்டாம்.

சின்ன மாமா கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் பெயர், 'கிருஷ்ணா தண்ணி வந்த வருஷம்'. சென்னைக்கு ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தருவதாக 1983இல் எம்.ஜி.ஆர். காலத்தில், ஆந்திராவின் என்.டி.ராமராவ் ஒப்பந்தம் போட்டார். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் நடந்து, நம் ஊருக்குப் பக்கத்தில் தமிழக எல்லையான தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டுக்கு அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது 1996இல். சின்ன மாமா அப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை. "சீக்கிரமே நிரந்தரம் பண்ணிடுவாங்க" என்று சொல்லித்தான் பெண் கேட்டோம். தண்ணீர் வந்தது, பெண்ணும் வந்தாள். நிரந்தரம் மட்டும் இன்னும் கண்டலேறுவைத் தாண்டவில்லை.

அடுத்தது, ஒரு கதையை ஒருவர் வாயால் மட்டும் கேட்டு எழுதாதே. 2015 வெள்ளத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள். ஆரணியாற்றுத் தரைப்பாலம் மூழ்கி, திருவள்ளூருக்குப் போக்குவரத்து நின்றது. பெரிய மாமா கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்தார். அந்த வருஷம் சொன்னபோது தண்ணீர் முழங்கால் அளவு. அடுத்த பொங்கலுக்கு இடுப்பு. 2021இல் பாலம் மறுபடி மூழ்கியபோது, பழைய தண்ணீர் அவர் கழுத்துக்கு ஏறிவிட்டது. பெரிய மாமியைக் கேட்டால் ஒரே வரி: "அது காலி சிலிண்டர்." யார் சொல்வது சரி என்று நீ தீர்ப்புச் சொல்லப் போகாதே. எந்த வருஷம் எவ்வளவு தண்ணீர் என்று வரிசையாக எழுது. மாமாவின் மனசு அதிலேயே தெரிந்துவிடும்.

பேச்சோடு காகிதத்தையும் பார். ஆயாவின் டிரங்குப் பெட்டியில் வீட்டுப் பத்திரம், கல்யாணப் பத்திரிகைகள், மொய் நோட்டு எல்லாம் இருக்கின்றன. மொய் நோட்டை வரிவரியாகப் படி. யார் ஒரு ரூபாய் எழுதினார், யார் பாத்திரம் வைத்தார், எந்தப் பங்காளியின் பெயர் 1996 நோட்டில் காணாமல் போயிற்று என்று பார். முருங்கை மரச் சண்டைக்கு வேர் எங்கே இருக்கிறது என்று அங்கே தெரியும்.

சிரிக்க வைக்கத்தான் எழுதுகிறாய் என்றால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பார்த்துக்கொள். மனைவியின் சமையலையும் மாமியாரின் நாக்கையும் வைத்து நம் பத்திரிகைகள் எத்தனையோ வருஷம் சிரிப்பு மூட்டிவிட்டன. அதில் இனிப் பிழிய ஒன்றும் இல்லை. வீட்டில் அதிகாரம் செய்கிறவர்களைப் பார்த்துச் சிரி. எங்கள் மூன்று பேரையும் தாராளமாக எடுத்துக்கொள்.

பேச்சை ஏன் இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்று ஒரு சிற்றூர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றில் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011இல் சொன்னது. அந்தக் கல்லைச் செதுக்கியவனுக்கும் ஒரு பெரிய மாமா இருந்திருப்பார். அவரும் வெள்ளத்தில் எதையோ தூக்கிக்கொண்டு நடந்திருப்பார், வருஷத்துக்கு வருஷம் தண்ணீரையும் ஏற்றியிருப்பார். கல் கிடைத்துவிட்டது. "அது காலிதான்" என்று சொன்ன அந்த மாமியின் பேச்சு கிடைக்கவில்லை. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. உன் மாமி அடுப்படியிலேயே இருக்கிறாள்.

ஆகவே பொங்கலுக்கு நோட்டோடு வா. ஆயாவிடம் வெற்றிலை போட்ட பிறகு கேள். சிலிண்டர் கதையை மாமா சொல்லும்போது மாமி பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள். அவர் கடைக்குப் போனதும் மாமியிடம் கேள். என்னைப் பற்றி எழுதுவதானால் என்னிடமே கேள். உன் அம்மாவிடம் போகாதே. தங்கைகளுக்கு ஞாபக சக்தி அதிகம்.

அன்புடன்,
உன் நடு மாமா