கால்மிதி வாங்குமுன் ஒரு கணக்கு



பினாங்குத் தீவு 1786-ஆம் ஆண்டில் வரியில்லாத் துறைமுகமாகத் தொடங்கப்பெற்று, 1969 வரை அச்சிறப்புடன் விளங்கியது. ஜார்ஜ் டவுனில் எப்பொருளும் மலிவு என்னும் எண்ணம் நம் தோட்டத்து மக்களிடையே வேரூன்றியதற்கு அதுவே காரணம் போலும். வரிச்சலுகை போயிற்று, எண்ணம் போகவில்லை. இன்று பட்டர்வொர்த்தில் பெரி ஏறி அக்கரை சென்றாலும் சரி, இக்கரையிலேயே நின்றாலும் சரி, மலிவு விலைக் கடைகள் நம்மை அழைத்தவண்ணம் உள்ளன.

நாமும் அவ்வழைப்பில் மயங்கியவர்களே. சென்ற ஆண்டு ஜார்ஜ் டவுன் கடையொன்றில் ஐந்து வெள்ளி வீதம் ஆறு கால்மிதிகளை வாங்கி வந்து வகுப்பறை வாயில்களில் இட்டோம். நான்காம் மாதமே அவற்றின் அடிப்புற ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மழைநாள் ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி மிதித்ததும் கால்மிதி நழுவ, அவள் சிமெண்டுத் தரையில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அவ்விடத்தில் வயது முதிர்ந்த பாட்டியார் ஒருவர் விழுந்திருப்பின் இடுப்பெலும்பே முறிந்திருக்கக் கூடும். பால்மரம் வெட்டிய குடும்பங்களில் பிறந்த நாமே, ரப்பரைப் புரட்டிப் பாராமல் வாங்கினோம்!

அன்று முதல் இதனை ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பாடமாக்கினோம். ஐந்து வெள்ளிக் கால்மிதி நான்கு மாதம் உழைத்தால் ஆண்டுக்கு மூன்று தேவை; செலவு 15 வெள்ளி. பன்னிரண்டு வெள்ளிக் கால்மிதி இரண்டாண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு 6 வெள்ளியே. இவற்றுள் மலிவானது எது?

இதனால் விலை மிகுந்தவை யாவும் நல்லவை என்று கொள்ளற்க. துணி கவ்விகள், குப்பை முறம், சுவர்க் கொக்கிகள் ஆகியவற்றை இரண்டு வெள்ளிக் கடையிலேயே தயங்காது வாங்கலாம். கால் ஊன்றும் பொருளையும் மின்சாரம் பாயும் பொருளையும் மட்டும் ஆராய்ந்தே வாங்குதல் வேண்டும். மின்செருகியில் 'சிரிம்' முத்திரை இல்லையெனில், விலை எதுவாயினும் வேண்டா.

கால்மிதியைப் புரட்டி அடிப்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். துகள் ஒட்டினால் வைத்துவிடுங்கள். குளியலறை வாயிலுக்கு ஈரம் உறிஞ்சும் பருத்தி ஏற்றது. செம்மண் படிந்த காலணியைத் தேய்க்க, வெளிவாயிலில் தேங்காய் நார்மிதியே சிறந்தது. ரப்பர் அடியுள்ளதைத் துவைத்தபின் நிழலில் உலர்த்துக. கடும் வெயில் அதனை வெடிக்கச் செய்யும்.

விலைச்சீட்டிலும் ஒரு கணக்கு உண்டு. 9 வெள்ளி 99 காசு என்பதைக் கண்டு ஒன்பது வெள்ளிதானே என மகிழ்கிறோம். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் தொகை அருகிலுள்ள ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படுவதால், நாம் கொடுப்பது பத்து வெள்ளியே.

இரசீதைப் பத்திரப்படுத்துக. பழுதான பொருளைக் கடைக்காரர் ஏற்க மறுத்தால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி முறையிடலாம். நாம் அவ்வாறு செய்ய இயலவில்லை; இரசீதை எறிந்துவிட்டிருந்தோம்.

இவ்வாண்டு புதிய கால்மிதிகள் வாங்குமுன் மாணவர்களே அடிக்கோல் கொண்டு வாயில்களை அளந்தனர். நூலகக் கதவின் அடியில் இடைவெளி குறைவு, தடித்த மிதியை இட்டால் கதவு திறவாது என்று கண்டு சொன்னவன், கணக்கில் எப்போதும் பின்தங்கி நிற்கும் மாணவன் ஒருவன்.