ஆசையாய் வாங்கிய கேம் ஏமாற்றினால்...

“அட, ஒரு விளையாட்டு நல்லா இல்லேன்னா இன்னொண்ணு ஆடிட்டுப் போறது! இதுக்குப் போய் ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டு இருக்கானுங்க!”

பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இன்று இந்தப் பேச்சு சகஜம். பையனோ ஒரு வருஷமாய்க் காத்திருந்தவன். தனக்குப் பிடித்த வீடியோ கேமின் அடுத்த பாகம் வரப்போகிறது என்று நாள் எண்ணினான். பாக்கெட் மணியைச் சேர்த்தான். வந்த அன்றே வாங்கினான். அரை மணி நேரத்தில் முகம் வாடிவிட்டது. அதன் பிறகு ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி என்று விழித்து உட்கார ஆரம்பித்துவிட்டான்.

‘சித்த வைத்தியருக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. நெஞ்செரிச்சல், கண் எரிச்சல், மலச்சிக்கல், தூக்கமின்மை என்று என்னிடம் வருகிற இளவட்டங்களிடம் “ராத்திரி என்ன செய்வே தம்பி?” என்று விசாரித்தால் பதில் பெரும்பாலும் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ போய் முடிகிறது. அதில் ஒரு பகுதியினர் ஆட்டம் பிடித்துப்போய் விழித்தவர்கள் அல்ல, பிடிக்காமல் போய் விழித்தவர்கள்!

இதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். ஏமாற்றம் ஒரு நோயல்ல. ஏமாற்றத்தை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறோமே, அதுதான் நோய்க்கு வாசல்.

ஏமாற்றம் மூன்று வகை

முதல் வகை, வரவே வராத அடுத்த பாகம். இ.ஏ. ஸ்போர்ட்ஸ் கம்பெனியின் கிரிக்கெட் கேம்களை நம் ஊர்ப் பிள்ளைகள் கொண்டாடினார்கள். 2006 நவம்பரில் ‘கிரிக்கெட் 07’ வந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கு காசு கொடுத்து ஆடியவர்கள் இப்போது தகப்பன்களாகிவிட்டார்கள். 2007-ல் தோனி தலைமையில் இருபது ஓவர் உலகக் கோப்பையை ஜெயித்தோம். 2008-ல் ஐ.பி.எல். வந்தது. கம்ப்யூட்டரில் ஆடும் அடுத்த கிரிக்கெட் கேமை மட்டும் அந்தக் கம்பெனி கொண்டுவரவே இல்லை. ரசிகர்களே புதுச் சட்டை, புது வீரர்கள் என்று ஒட்டுப்போட்டு அந்தப் பழைய கேமையே வருஷக்கணக்கில் ஆடினார்கள்.

இரண்டாவது வகை, அரைவேக்காடாய் வந்து சேர்வது. ‘ஆஷஸ் கிரிக்கெட் 2009’ ஆடியவர்கள், அடுத்து ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’ வருகிறது என்று காத்திருந்தார்கள். தள்ளித் தள்ளிப்போய் 2013 நவம்பரில்தான் வந்தது. வேகாத சோற்றை இலையில் போட்ட கதை! ஆட்டம் முழுக்கக் கோளாறு. சில நாட்களிலேயே வெளியீட்டு நிறுவனம் விற்பனையை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது வகை, பழசு புது வேஷத்தில் வருவது. 2002-ல் வந்த ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’யைத் தெரியாத இளைஞர்கள் குறைவு. (அது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஆட்டம் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும்.) அதையும் அதன் கூடப்பிறந்த இரண்டு கேம்களையும் புதுப்பித்து 2021 நவம்பரில் ஒரே தொகுப்பாக விட்டார்கள். பழகிய முகங்கள் கோணலாகத் தெரிந்தன. மழை பெய்தால் எதிரில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. ராக்ஸ்டார் நிறுவனம் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டது. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்காகப் பழைய பதிப்புகளை மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய காலத்து வெளிச்சத்தைத் திருப்பித் தரும் திருத்தம் வந்ததோ 2024 நவம்பரில். மூன்று வருஷம்!

எங்கள் வைத்திய பாஷையில் ஒப்புக்குச் சொல்வதானால், முதல் வகை வாதம்: இருப்புக்கொள்ளாத காத்திருப்பு. இரண்டாவது பித்தம்: பொங்கி வரும் கோபம். மூன்றாவது ஐயம்: நெஞ்சில் பாரம், எதிலும் பிடிப்பின்மை. உங்கள் பிள்ளை இதில் எந்த நிலையில் இருக்கிறான் என்று பார்த்தால் அவனிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்துவிடும்.

மூளையில் நடப்பது என்ன?

‘இதெல்லாம் ஒரு கவலையா?’ என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நாம் தோற்ற ராத்திரி, உங்கள் வீட்டில் எத்தனை பேர் சரியாகச் சாப்பிட்டார்கள்? நமக்கு அதில் ஐந்து பைசா நஷ்டம் கிடையாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை அல்லவா?

காரணம் இருக்கிறது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 1990-களில் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். ஓர் அடையாளம் காட்டி, பிறகு பழரசம் கொடுப்பார்கள். பழகியபின், அடையாளத்தைக் கண்டதுமே மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பணுக்கள் துள்ளின. பழரசம் வராமல் போனால், அது வரவேண்டிய அந்த நொடியில் அதே நரம்பணுக்கள் வழக்கத்தைவிடக் கீழே அடங்கிப் போயின. சும்மா இருந்ததைவிடக் கீழே! எதிர்பார்த்துக் கிடைக்காமல் போவது, எதிர்பார்க்காமலே இருப்பதைவிட வலிக்கிறது என்று நம் பாட்டிமார் அனுபவத்தில் சொன்னதற்கு இது சாட்சி.

ஆக, பையன் நடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே வலிக்கிறது. அந்த நேரத்தில் கேலி செய்தால் வலி போகாது. அடுத்த முறை அவன் உங்களிடம் சொல்லமாட்டான், அவ்வளவுதான்.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவக் கல்லூரியில் ‘நோயில்லா நெறி’ என்றொரு பாடம் உண்டு. அதில் பதினான்கு வேகங்கள் வரும். வேகம் என்றால் உடம்பு தானாக எழுப்பும் உந்துதல். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தண்ணீர்த் தாகம், இருமல், களைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இவற்றை வலுக்கட்டாயமாக அடக்கினால் நோய் வரும் என்பது சித்தர் வாக்கு.

இப்போது ராத்திரி ஒரு மணிக்கு மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவனைப் பாருங்கள். ‘இந்த லெவல் முடியட்டும்’ என்று சிறுநீரை அடக்குகிறான். பசியை அடக்குகிறான். தாகத்துக்குத் தண்ணீர் எடுக்க எழுந்திருப்பதில்லை. கொட்டாவி வருகிறது, தூக்கம் வருகிறது, களைப்பு வருகிறது. அத்தனையையும் அடக்குகிறான். பதினான்கில் ஆறு போயிற்று!

ஏழாவது கண்ணீர். அதைக் கவனித்தீர்களா? கண்ணீரையும் அடக்கக் கூடாத பட்டியலில்தான் நம் முன்னோர் வைத்தார்கள். அடக்கினால் பீனிசமும் கண்நோயும் வரும் என்று எழுதி வைத்தார்கள். வருத்தம் வந்தால் அதை வெளியே விட ஒரு வழி வேண்டும். அந்த வழியை அடைத்துவிட்டால் அது தூக்கத்தில் கை வைக்கும்.

சரவணம்பட்டித் தம்பி

சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டி வந்தார். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, வயது இருபத்தேழு. “டாக்டருங்க, மூணு மாசமா ராத்திரி தூக்கமே இல்லீங்க. காலைல ஒண்ணும் சாப்பிடறதில்லீங்க. நெஞ்செரியுதுங்கறான்” என்றார்.

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு விசாரித்தேன். புதுப்பித்து வந்த அந்த வைஸ் சிட்டி தொகுப்பை வாங்கியிருக்கிறார்.

“நல்லாவே இல்லைங்க டாக்டர்.”

“அப்புறம் ஏன் தம்பி தினமும் ஆடறே?”

“இன்னும் கொஞ்சம் ஆடுனா அந்தப் பழைய மாதிரி ஆயிரும்னு ஒரு நெனப்புங்க...”

பழைய மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். பள்ளிக்கூட லீவில் கோபி பக்கம் தோட்டத்து வீட்டில், சித்தப்பா மகனோடு ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து ஆடியது. நீ ஒரு உயிர், நான் ஒரு உயிர் என்று முறை வைத்து ஆடியது. இப்போது தோட்டத்துப் பங்கு விஷயத்தில் குடும்பம் ரெண்டுபட்டு, கேஸ் கோர்ட்டில் இருக்கிறது. அண்ணன் தம்பி பேசி ஆறு வருஷமாம்!

பாருங்கள், அந்தப் பிள்ளை தேடியது கேமையா? எந்தக் கம்பெனி எத்தனை முறை திருத்தம் விட்டாலும் அந்த லீவு நாளைத் திருப்பித் தர முடியுமா?

வயிற்றுக்கு மருந்து கொடுத்தேன். ராத்திரி பத்தரைக்கு மேல் கம்ப்யூட்டர் கூடாது என்றேன். கூடவே, “பெரியவங்க கேஸை பெரியவங்க பார்த்துக்கட்டும். நீ அந்தத் தம்பிக்கு ஒரு போன் போடு. கேம் எவ்வளவு மோசம்னு சொல்லு, அது போதும்” என்றேன்.

ஒரு மாசம் கழித்து வந்தார். தூக்கம் திரும்பியிருந்தது. நெஞ்செரிச்சல் பெரிதும் தணிந்திருந்தது. கேஸ் இன்னும் கோர்ட்டில்தான் இருந்தது. ஆனால் சித்தப்பா மகனும் அதே தொகுப்பை வாங்கி ஏமாந்தவர் என்று தெரிய வந்ததாம்! ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அதைத் திட்டியே பேசியிருக்கிறார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. வந்த அன்றே வாங்க வேண்டாம். முன்பதிவும் வேண்டாம். இரண்டு வாரம் பொறுத்தால் நல்லது கெட்டது தெரிந்துவிடும். பால் பொங்கியதும் வாய் வைக்கிறோமா? ஆறவிட்டுத்தானே குடிக்கிறோம்!

2. பணம் திரும்புமா என்று பாருங்கள். ‘ஸ்டீம்’ கடையில் வாங்கியிருந்தால், 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று ராத்திரி முழுக்க ஆடினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

3. மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் எடுத்து வைத்துவிட வேண்டும். போட்ட காசுக்காகத் தூக்கத்தையும் போடக் கூடாது.

4. ராத்திரி பத்தரைக்குத் திரை அணைய வேண்டும். படுக்கப் போகுமுன் இளஞ்சூடான பால் போதும். டீ, காபி, கோலா பானங்கள், பொட்டலத் தீனி ஆகாது. தூக்க மருந்தோ, அமுக்கரா போன்ற சூரணமோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள்.

5. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். நம்ம ஊர் அரிசிம்பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுங்கள். கெட்டுப்போன வயிறு சீக்கிரம் நிலைக்கு வரும்.

6. எண்ணெய் முழுக்கு. தேரையர் நான்கு நாளுக்கு ஒருமுறை என்றார். இன்றைய அவசரத்தில் வாரம் ஒருமுறையாவது நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கட்டும். அன்று பகல் தூக்கம் கூடாது. சளி, காய்ச்சல், இரைப்பு இருந்தால் தவிர்க்கவும்.

7. கண்ணுக்கு ஓய்வு. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 நொடி பார்க்க வேண்டும்.

8. பழைய கேம் பிடிக்கும் என்றால் அதையே ஞாயிற்றுக்கிழமை பகலில், கூட்டாளியோடு சேர்ந்து ஆடட்டும். தவறே இல்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒரு வாரம், பத்து நாள் முகவாட்டம் இயல்பு. ஆனால் நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை, படிப்பு, வேலை, உறவு எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டம்தான், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறான் என்றால் அது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் இதை விளையாட்டு அடிமைத்தனம் சார்ந்த மனநலக் கோளாறாக 2019-ல் ஏற்றது. அந்தப் புதிய நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவாக ஒரு வருஷ காலம் இந்த அறிகுறிகள் நீடித்தால்தான் நோய் என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் ஆலோசனை கேட்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற ‘டெலி மனஸ்’ எண்ணில் இலவசமாகப் பேசலாம். ‘வாழவே பிடிக்கலை’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வாயில் வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மற்றபடி, பெரியவர்கள் கேம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன கண்ணு, ரொம்ப நாளா எதிர்பார்த்தியே... எது புடிக்கலே, கொஞ்சம் காட்டு பார்ப்போம்” என்று கேளுங்கள். ஒரு பத்து நிமிடம் கேமைப் பற்றித்தான் குறை சொல்வான். குறுக்கே பேசாதீர்கள். அதற்கப்புறம் வேறு ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.